தொள்ளாயிரத்துப் பன்னிருவர் ஒருவராக எண்ணப்பட்ட கதை

கும்ஹெலிக் மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை முதல்முதலாகக் கத்தியும் முள்கரண்டியும் ஏந்தும் நாளில், அதன் முதுகுக்குப் பின்னே குனிந்து, தன் கைகளை அதன் கைகள்மேல் பொதிந்து, இறைச்சியை அறுக்கக் கற்பிப்பவள் மதிய உணவுப் பணியாளரான நெரிஸ் பெவன். இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் அவ்வாறு குனிந்தாள். பிள்ளைகள் அவளைப் 'போபா' என்றனர். உறவில்லாத அத்தைக்கு எங்கள் பள்ளத்தாக்கு வைத்திருக்கும் பெயர் அது. தலைமையாசிரியை, ஆசிரியைகள், எழுத்தர் என்று இறங்கி வரும் வரிசையில் தனக்குக் கீழே துடைப்பம் மட்டுமே உண்டு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆற்றை ஒட்டிய வீட்டு வரிசையில், நிலக்கரி வெட்டுபவர் ஒருவருக்கு மூன்றாம் மகளாக அவள் பிறந்தாள். அப்பள்ளியிலேயே எழுத்தறிந்தாள். ஏழு வயது நிரம்பியதும், ஊரார் எல்லோரையும்போல, நெடுஞ்சாலையைக் கடந்து குன்றேறி இளையோர் பள்ளிக்குப் போனாள். கீழே ஏழு வயதுவரை, மேலே பதினொன்றுவரை; இடையில் சுரங்கத்து லாரிகள் ஓடிய சாலை. இவ்வொழுங்கை யார் எப்போது வகுத்தார் என்று கேட்டவர் இலர்.

சுரங்கத் தொழிலாளர் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்த காலத்தில் நெரிசுக்கு வயது இருபது. மான்செலை மணந்து ஐந்து மாதம். அப்போது நிர்வாகம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்பியது. 'உமது அண்டை வீட்டார் திரும்பி வருகின்றனர், நீரும் வாரும்' என்பது அதன் சாரம். பெண்கள் அக்கடிதங்களைப் பிரிக்காமலே திரட்டிக் கயிற்றில் கோத்துச் சுரங்க வாயிலில் தொங்கவிட்டனர். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் நெரிஸ். தனித்தனியே பேச வருபவன் பிரிக்க வந்தவன் என்பது அன்று முதல் எங்கள் எலும்பில் ஏறியது. கும்ஹெலிக் பேசினால் ஒரே தாளில் பேசும். ஒரு தீர்மானம், அதன் கீழ் ஊர் முழுவதும்.

இதனை நன்கறிந்தவன் ஹேடன் பிராசர். எங்களூரில் ஒரே பெயரில் நால்வர் ஐவர் இருப்பதால் தொழிலே அடைமொழியாகும். அவன் தந்தை தொழிற்சங்கச் செயலாளராக இருந்தமையால் மகனும் 'சங்கம் ஹேடன்' ஆனான். பள்ளியில் நெரிசுக்கு இரண்டு வகுப்பு மூத்தவன். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவன். மூன்று முறை எங்கள் வாக்கால் மாவட்ட மன்றத்துக்குச் சென்றவன். நெரிசின் தந்தை இறந்தபோது சவப்பெட்டியின் முன்முனையைச் சுமந்தவனும் அவனே.

மழலையர் பள்ளித் தலைமையாசிரியை ஓய்வுபெறப்போவதாக அறிவித்த மாதமே மன்றத்திலிருந்து ஓலை வந்தது. ஒரு தலைமைப் பதவி காலியாகும்போது இரு பள்ளிகளையும் ஒன்றாக்குவது மன்றத்தின் கொள்கையாம். கீழ்ப்பள்ளி மூடப்படும், குழந்தைகள் எல்லோரும் குன்றின்மேல் ஒரே தொடக்கப் பள்ளியில் பயில்வர், ஆறு வாரத்துக்குள் மக்கள் தம் கருத்தை எழுத்தில் தெரிவிக்கலாம்.

தேவாலயத்தின் பின்கூடத்தில் கூட்டம் நடந்தது. கோப்புகளோடு வந்த அதிகாரி படம் காட்டி விளக்கினார். முடிதிருத்தகம் நடத்தும் மார்லீன் பியூ முதலில் எழுந்தாள்.

"நாலு வயசுப் பிள்ளையும் பதினோரு வயசுப் பயலும் ஒரே மைதானத்துலயா? பந்து எது, பிள்ளை எதுன்னு பார்க்காம உதைப்பானுங்க சார்."

"விளையாட்டு நேரம் தனித்தனியா இருக்கும்மா."

"மழை நாள்ல? எல்லாரும் ஒரே கூடத்துலதானே அடையணும்? மழைகிட்டயும் நேரம் பிரிச்சுக்கச் சொல்லுவீங்களா?"

கூடம் அதிர்ந்தது. எங்களூரில் மழையற்ற நாளைத்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

நெரிஸ் எழுந்தபோது சிரிப்பு அடங்கியது. "சாப்பாட்டை மூணு பந்தியா வைக்கப்போறதா இதுல போட்டிருக்கு. ஒரு பந்திக்கு இருபது நிமிஷம். எங்க சின்னதுங்களுக்குக் கோட்டுப் பொத்தானைக் கழட்டவே பத்து நிமிஷம் ஆகும். மிச்சப் பத்து நிமிஷத்துல நான் முப்பது பேருக்குக் கறி வெட்டிக் கொடுக்கணும். சாலையை எப்படிக் கடப்பாங்கன்னு நான் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கல."

அதிகாரி குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஹேடன் அவள் பக்கம் வந்தான்.

"நல்லாப் பேசினே நெரிஸ். ஆனா சிதற விட்டுடாதே. ஆளுக்கொரு கடிதம்னா நூறு பேர் நூறு விதமா உளறுவாங்க. ஒரே தாள், ஒரே வாசகம், கீழ ஊர் முழுக்கக் கையெழுத்து. நம்ம அப்பாங்க செஞ்ச மாதிரி."

"அது போதுமா ஹேடன்?"

"தொள்ளாயிரம் பேர் ஒரே குரல்ல பேசினா எவன் காதைப் பொத்திக்குவான்?"

அவளுக்கு அது விடையாகவே பட்டது.

ஆறு வாரமும் மாலைதோறும் நெரிஸ் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தாள்களை நெகிழியுறையில் இட்டு, மேலங்கிக்குள் மார்போடு அணைத்து, மழையில் நடந்தாள். பாலத் தெருவில் ஒருவர், "என் நாயும் போடட்டுமா? தினம் பள்ளிக்கூட வாசல்ல நிக்குது" என்றார். "உங்களைவிட எழுத்து நல்லா இருந்தா போடச் சொல்லுங்க" என்றாள் நெரிஸ். மான்செல் காலுறைகளை அடுப்பருகே உலர்த்திக்கொடுத்துக்கொண்டே இருந்தான்.

தாமே எழுத விரும்பியவர்களும் இருந்தனர். அவர்களிடம் நெரிஸ், "வேண்டாம்மா, பிரிஞ்சு போயிடும், இதுலயே போடுங்க" என்றாள். எத்தனை பேரிடம் அவ்வாறு சொன்னாள் என்பதை அவள் பின்னர் எண்ணிப் பார்த்ததுண்டு. நாற்பதுக்குமேல் நினைவு வரவில்லை.

அவர்களுள் ஒருவர் இத்வால் கிரிஃபித்ஸ். எண்பத்து நான்கு அகவை, நுரையீரலில் கரித்தூசி, கை நடுக்கம். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் இரண்டு வாரம் முயன்று நான்கு பக்கம் எழுதிவைத்திருந்தார்.

"இதை மன்றத்துக்கு அனுப்பணும் பாச். உறை வாங்கித் தர்றியா?" சிறியவரை அன்போடு விளிக்கும் எங்களூர்ச் சொல் 'பாச்'.

நெரிஸ் முதல் பக்கத்தைப் படித்தாள். இத்வாலின் தங்கை ஐந்து வயதில் அந்தச் சாலை வளைவில் நிலக்கரி வண்டிக்குக் கீழே போனதையும், அதே ஆண்டில் இன்னொரு குழந்தை போனதையும், அதற்குப் பிறகே சின்னஞ்சிறுவர்க்கென்று சாலைக்கு இப்புறத்தில் பள்ளி கட்டப்பட்டதையும் அவர் எழுதியிருந்தார். ஊரில் வேறெவரும் அறியாத செய்தி. அவள் கண் நிறைந்தது. ஆயினும் தாள்களை மடித்து அவரிடமே தந்தாள்.

"மாமா, இதெல்லாம் வெச்சுக்குங்க. நாம ஒரே குரலாப் போறோம். இங்க ஒரு கையெழுத்து, அது போதும்."

கிழவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கையொப்பமிட்டார். எழுநூற்று முப்பதாவது பெயர் அது.

மொத்தம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஹேடனே தன் காரில் அவளை மன்றத்துக்கு ஏற்றிச் சென்றான். கையொப்பத் தாள்களை அவள் ஒப்படைத்தபோது, உள்ளூர்ச் செய்தித்தாளுக்காக அவளருகே நின்று படமும் எடுத்துக்கொண்டான்.

ஏப்ரல் மாதம் மன்றம் அறிக்கை வெளியிட்டது. வரப்பெற்ற கருத்துகள் ஐம்பத்தெட்டு. இணைப்பை ஆதரித்தவை நாற்பத்தொன்பது, எதிர்த்தவை ஒன்பது. அடியில் சிற்றெழுத்தில் ஒரு குறிப்பு: எதிர்ப்புகளுள் ஒன்று மனு, பலர் கையொப்பமிட்ட மனு ஒரே கருத்தாகக் கொள்ளப்படும்.

நெரிஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். மறுமுனையில் ஓர் இளம்பெண் பொறுமையாக விளக்கினாள். "மனு எத்தனை பேர் போட்டாலும் ஒரு பதில்தான் மேடம். வழிகாட்டிக் கையேட்டுல நாலாம் பக்கம். உங்க உறுப்பினர்கிட்ட ஒரு பிரதி இருக்குமே?"

அவள் அன்று ஹேடனைச் சந்தேகிக்கவில்லை. மார்லீனின் கடையில் பெண்கள் முணுமுணுத்தபோதும் அவனுக்காக வாதாடினாள். "அவனுக்கும் தெரிஞ்சிருக்காது. மேல இருக்கிறவங்க அவனையும் ஏமாத்திட்டாங்க."

"உனக்குமா தெரியாது?" என்றாள் மார்லீன், கத்தரிக்கோலை நிறுத்தாமல். "நான் ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். யார் வேண்டாம்னது?"

அடைமொழி சூட்டுவதில் எங்களூர் காலம் தாழ்த்தாது. வாரம் முடியுமுன் அவள் 'ஒண்ணு நெரிஸ்' ஆனாள். ரொட்டிக் கடையில் ஒருவன் அவள் முகத்துக்கு நேரே, "ஒண்ணு போதுமா, இல்ல தொள்ளாயிரம் கட்டித் தரட்டுமா?" என்றான். வரிசையில் நின்றோர் சிரித்தனர். அவள் ஒரு ரொட்டியுடன் வெளியே வந்தாள்.

சட்டத்தில் இன்னும் ஒரு வாயில் இருந்தது. முறையான அறிவிப்பு வந்தபின் இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். முன்பு தந்தவை கணக்கில் சேரா. நெரிஸ் இம்முறை வெற்றுத்தாளும் உறையும் ஏந்திப் புறப்பட்டாள். குன்றின்மேல் புதிதாக எழுந்த குடியிருப்பிலிருந்து தொடங்கினாள். முதற் சுற்றில் அங்கே போகாதது குறையோ என்று எண்ணினாள்.

கதவைத் திறந்த இளந்தாய் ஷோனெட் அன்போடு உள்ளே அழைத்தாள். இடுப்பில் குழந்தை.

"நாங்க ஏற்கெனவே எழுதிட்டோமேக்கா. ஆதரிச்சு. எங்களுக்கு மேல்பள்ளி பக்கத்துலயே இருக்கு, அதான். கோவிச்சுக்காதீங்க."

"கோபம் எதுக்கும்மா? உன் பிள்ளை, உன் இஷ்டம். யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"ஹேடன்தான். உறையெல்லாம் அவரே கொண்டுவந்தார். புருஷனும் பெண்டாட்டியும்கூடத் தனித்தனியா எழுதுங்க, ஒரே தாள்ல போட்டா ஒண்ணாத்தான் எண்ணுவாங்கன்னார். நல்லவேளை சொன்னார், எங்களுக்கு எங்க தெரியும்?"

"எப்போ சொன்னார்?"

"ஜனவரியில. அந்தக் கூட்டம் முடிஞ்சு ரெண்டு நாள் இருக்கும். அக்கா, உட்காருங்க, முகம் வெளுத்துடுச்சே. தேநீர் போடட்டுமா?"

நெரிஸ் தேநீரை முழுவதும் அருந்தினாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு குன்றிறங்கி, ஹேடன் மாலைதோறும் பாடுபடும் காய்கறித் தோட்டத்துக்கு நேரே நடந்தாள்.

அவன் ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டுகளைப் பறித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஒரு கட்டு எடுத்து நீட்டினான். "வா நெரிஸ், மான்செலுக்கு இனிப்புப் பண்ணிக் கொடு."

"மேல் குடியிருப்புல உறை கொடுத்தியா?"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"கொடுத்தேன்."

"எங்களுக்கு ஏன் சொல்லல?"

"நீ எப்படி எண்ணுவாங்கன்னு கேட்கலையே."

"போதுமான்னு கேட்டேன் ஹேடன்."

அவன் தண்டுகளைக் கீழே வைத்து மண் படிந்த கைகளைத் துடைத்தான். "கேளு. ரெண்டு பள்ளியும் பாதி காலி. இதை விட்டா அடுத்த அஞ்சு வருஷத்துல ரெண்டையும் மூடிட்டு நம்ம பிள்ளைங்களை அடுத்த பள்ளத்தாக்குக்குப் பஸ்ல அனுப்புவாங்க. கணக்கை நான் பார்த்தேன். கீழ ஊர்ல இதைச் சொன்னா என்னைக் கருங்காலின்னு சுவர்ல எழுதுவீங்க. சண்டை போடாம முடியட்டும்னு நினைச்சேன். நான் பொய் ஒண்ணும் சொல்லல."

"கூடத்துல எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்போம். மறு ஞாயிறு உன்கூடவே பாடியிருப்போம்."

"உங்க ஆளுங்க அவ்வளவு லேசா விட்டிருக்க மாட்டாங்க."

"நம்ம ஆளுங்கன்னு சொல்லு. அப்பாங்க செஞ்ச மாதிரின்னு சொன்னியே, அந்த வார்த்தையை எடுத்துத்தானே என்னை அடிச்சே. வேற எதைச் சொல்லியிருந்தாலும் நான் யோசிச்சிருப்பேன்."

நம்பிக்கையின் வேரையே கயிறாகத் திரித்துக் கட்டியவன் அவன் என்பதை அவளும் அறிந்தாள், அவனும் அறிந்தான். ரூபார்ப் கட்டு இருவர்க்கும் நடுவே மண்ணில் கிடந்தது.

மறுநாள் அவள் இத்வாலின் கதவைத் தட்டினாள். நடந்ததனைத்தையும் சொன்னாள். "மாமா, அந்த நாலு பக்கம் போதும். அதுல இருக்கிறது வேற யாருக்கும் தெரியாது. கொடுங்க, நானே கொண்டுபோறேன்."

"அடுப்புக்குள்ள போட்டுட்டேன்."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

கிழவர் நெடுநேரம் மூச்சுக்குப் போராடினார். "ஹேடன் உன்னை ஏமாத்தினான். சரி. என்னை யார் ஏமாத்தினது?"

அவள் தலை தாழ்ந்தது.

"ரெண்டு வாரம் எழுதினேன் பாச். அவளைப்பத்தி நான் ஒருத்தர்கிட்டயும் பேசினதில்ல, என் பெண்டாட்டிகிட்டகூட. ஒரு தடவைதான் முடியும். அந்தத் தடவை முடிஞ்சுபோச்சு." கதவு மெல்லச் சாத்தப்பட்டது. சினந்து அறைந்து சாத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவள் மான்செலிடம் சொன்னாள்.

இருபத்தெட்டு நாளில் சேர்ந்த மறுப்புகள் முப்பத்தேழு. பலர் கதவைத் திறக்கவே இல்லை, திறந்த சிலர், "மறுபடி என்னத்துக்கு? இதையும் ஒண்ணா எண்ணுவாங்க" என்றனர்.

ஜூலையில் மன்றம் கூடிய நாளன்று ஊரிலிருந்து பதினொருவர் பேருந்தில் சென்றனர். மறுப்பாளர் சார்பில் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம். நெரிஸ் எழுதிவைத்திருந்ததைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன்," என்றாள். "உங்களுக்கு வரவேண்டிய கடிதம் நாற்பதுக்கு மேல. எழுத வேண்டாம்னு சொன்னது நான். அதுல ஒண்ணுல, இந்தப் பள்ளி ஏன் சாலைக்கு இந்தப் பக்கம் கட்டினாங்கன்னு இருந்துச்சு. அந்த வளைவுல ரெண்டு குழந்தை செத்ததால. அதை எழுதினவர் உயிரோட இருக்கார், திரும்ப எழுத அவருக்குத் தெம்பில்ல. என்னை நம்பினதுக்காக அவங்களைக் கணக்குல விட்டுடாதீங்க. ஒரே தாள் போதும்னு எனக்குச் சொன்னவர் உங்க நடுவுல உட்கார்ந்திருக்கார். மேல் குடியிருப்புக்கு உறை கொண்டுபோனவரும் அவர்தான்."

அவையில் சலசலப்பு. ஹேடன் தன் முன்னிருந்த தாள்களை நோக்கியிருந்தான். தலைவர் மணியைத் தட்டினார். "உறுப்பினர்களைப் பத்தின குறை வேற முறையில வரணும். இன்னைக்கு இருக்கிறது பள்ளி விஷயம் மட்டும். நேரம் முடிஞ்சது, நன்றி."

கைகள் உயர்ந்தன. எட்டுக்கு மூன்று. எட்டில் ஒன்று ஹேடனுடையது. செப்டம்பர் முதல் கும்ஹெலிக்கில் ஒரே பள்ளி.

வெளியே படிகளில் அவன் அவளை எட்டிப் பிடித்தான். பேருந்து நின்றிருந்தது, ஊரார் ஏறிக்கொண்டிருந்தனர்.

"நெரிஸ், ஒரு நிமிஷம். புதுப் பள்ளியில மதிய உணவுக்குத் தலைமைப் பணியாளர்னு ஒரு இடம் வருது. நேரமும் கூட, மரியாதையும் கூட. உன் பேரைச் சொல்லியிருக்கேன். அந்தச் சின்னதுங்களுக்கு நீ அங்க இருக்கணும்."

அவன் மெய்யாகவே அதனை நன்மையென்று கருதினான் என்பதே கொடுமை. குழந்தைகளின் சிறு கைகள் அவள் நினைவில் வந்தன. பேருந்தின் கண்ணாடிகளில் பதிந்திருந்த முகங்களும் தெரிந்தன. எல்லாம் இப்பக்கமே நோக்கியிருந்தன.

"இந்த வேலையை வாங்கிக்கிட்டா, தெரிஞ்சுதான் செஞ்சேன்னு ஆகிடும்," என்றாள். "என் பேரை எடுத்துடு ஹேடன். எல்லாத் தாள்லருந்தும்."

"பைத்தியக்காரி மாதிரி பேசாதே. பிள்ளைங்க என்ன பண்ணும்?"

அவள் பேருந்தை நோக்கித் திரும்பி நடந்தாள்.

பேருந்தில் இடங்கள் நிறைந்திருந்தன. மார்லீன் அருகே மட்டும் ஓரிருக்கை. அதன்மேல் அவளது பெரிய தோல்பை. நெரிஸ் கம்பியைப் பிடித்து நின்றாள். வண்டி புறப்பட்டு முதல் வளைவைக் கடந்தது.

"வெளிய என்ன கொடுத்தான்?" என்றாள் மார்லீன், சன்னலைப் பார்த்தபடி.

"தலைமைப் பணியாளர் வேலை."

"எப்போலேருந்து?"

"வேண்டாம்னுட்டேன்."

"புதுப் பள்ளியில எந்த வேலையும் வேண்டாமா? அப்போ செப்டம்பர்ல நீ எங்க வேலை செய்வே?"

"தெரியல."

மார்லீன் திரும்பி, மழைநீர் சொட்டிய அவள் மேலங்கியையும், கம்பியை இறுகப் பற்றியிருந்த விரல்களையும் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நெரிஸ் அசையாமல் நின்றாள்.

"உன்னை நம்புறேன்னு சொல்லல," என்றாள் மார்லீன். "உட்காருன்னுதான் சொல்றேன்."